ஞாயிற்றுக்கிழமை லீவு எடுத்த இரைச்சல்

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் 'சீச்சீ அக்கா'. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனால் ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவர், "அந்தச் சீச்சீ அக்காவையே அனுப்புங்க சார், அவங்க வந்தாத்தான் சரியாகும்" என்று போனில் சொல்ல, ஸ்பீக்கர் வழியே அது அறை முழுக்கக் கேட்டுவிட்டது. எல்லாரும் கணினித் திரைக்குள் தலையை நுழைத்துக்கொண்டார்கள். அவள் ஸ்பேனரைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"சீன்னு சொல்ல வேண்டியதைப் பாத்துட்டு வேற என்ன சொல்றது? ஆஹான்னா சொல்ல முடியும்?" என்று பொதுவாகக் கேட்டுவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

வயது நாற்பத்தாறு. தம்பியின் இன்டர்நெட் கம்பெனியில் பழுது பார்க்கும் வேலை. கம்பி இழுக்க முடியாத இடங்களுக்கு அந்தக் கம்பெனி காற்று வழியாக இணைப்புக் கொடுத்தது. இந்த மாடியில் ஒரு டிஷ், தூரத்து மாடியில் ஒரு டிஷ், இரண்டும் கண்ணோடு கண் பார்த்தபடி. நடுவில் மரம் வளர்ந்தால் இணைப்புப் போகும். காற்றில் டிஷ் கொஞ்சம் திரும்பினால் போகும். மழைத் தண்ணீர் கேபிள் சேரும் கனெக்டருக்குள் இறங்கினால் போகும். போனால் அவள் போவாள். போகிற இடமெல்லாம் மாடி.

வண்டவாளம் தண்டவாளம் ஏறும் என்பார்கள். அவள் பார்த்தவரை அது மொட்டை மாடிதான் ஏறியது. கீழே கூடத்தில் கண்ணாடிபோலத் தரை, சோபாவுக்கு உறை, செருப்பை வெளியே விடச் சொல்லி ஓர் அட்டை. மேலே போனால் புறா எச்சம் கணுக்கால் உயரத்துக்கு. மூத்திர வாடை அடிக்கும் பழைய மெத்தை. யாருக்கும் தெரியாமல் குடித்த பாட்டில்கள். ஒருமுறை, கழுவாமலே விட்டுப்போன பல்செட் ஒன்று கைப்பிடிச் சுவர்மேல் அவளைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தது. இன்னொரு வீட்டில் தண்ணீர்த் தொட்டியின் மூடி காற்றில் பறந்துபோய், உள்ளே காக்கை ஒன்று செத்து உப்பி மிதந்தது. இறங்கி வந்து சொன்னபோது வீட்டுக்காரர், "வடிகட்டித்தானே குடிக்கிறோம்" என்றார். அன்றிலிருந்து எந்த வீட்டில் தண்ணீர் நீட்டினாலும் அவள் வாங்குவதில்லை.

இந்த வேலைக்கு வருமுன் பதினோரு வருடம் தொலைபேசி கம்பெனியில் இருந்தாள். தெருவுக்கு அடியில் ஓடும் கேபிளைப் பழுது பார்க்கும் குழுவில் அவள் ஒருத்திதான் பெண். குழிக்குள் சாக்கடையும் எலியும். அங்கே அவளுக்கு ஜோடியாக வேலை செய்தவனைப் 'பொடிநடை' என்று கூப்பிடுவார்கள். எத்தனை தூரமானாலும் வண்டி ஏறமாட்டான். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே வந்துவிடுவான். இரண்டு பேரும் ஒரே குழிக்குள் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து கம்பி முடிந்தவர்கள். கம்பெனி அந்தப் பிரிவை மூடியபோது அவள் தம்பியிடம் வந்தாள். பொடிநடை தன் பாட்டுக்குச் சின்னதாக ஓர் இன்டர்நெட் சேவை ஆரம்பித்தான். மேட்டுத் தெருவில் ஒரு பள்ளிக்கூடம், அதைச் சுற்றி முப்பது வீடு. அவ்வளவுதான் அவன் ராஜ்யம்.

அந்த வருடம் வெயில் தொடங்கும் சமயத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து புகார் வந்தது. கம்பெனியின் பெரிய வாடிக்கையாளர் அதுதான். அங்கே எடுக்கும் ஸ்கேன் படங்களைத் தலைநகரத்தில் உட்கார்ந்திருக்கும் பெரிய டாக்டர் திரையில் பார்த்து முடிவு சொல்வார். படம் போகிற வழி இந்த டிஷ்தான். மூன்று நாளாகப் படம் நகரவில்லை என்றார்கள்.

ஆஸ்பத்திரி மாடியில் அவள் கனெக்டரைத் திறந்து பார்த்தாள். ஒரு சொட்டு ஈரமில்லை. டிஷ் மயிரிழைகூடத் திரும்பவில்லை. கரண்ட் கொடுக்கும் பெட்டியை மாற்றிப் பார்த்தாள். பிறகு லேப்டாப்பைத் திறந்தாள். எதிர்முனையிலிருந்து வரும் சிக்னல் கணீரென்று இருந்தது. ஆனால் அதைச் சுற்றி இரைச்சல் அதைவிடக் கணீரென்று இருந்தது. சந்தையில் நின்று ரகசியம் பேசுவதுபோல இரண்டு டிஷ்ஷும் திணறிக்கொண்டிருந்தன. எதிர்முனையை நிறுத்தச் சொல்லிவிட்டு மறுபடி பார்த்தாள். இரைச்சல் அப்படியே இருந்தது.

எளிய வழி, சேனலை மாற்றுவது. யாரும் பேசாத அலைவரிசையாகப் பார்த்து மாற்றினாள். இரண்டு நாள் சுத்தமாக இருந்தது. மூன்றாம் நாள் காலை அந்தச் சேனலிலும் அதே இரைச்சல் வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்புறம் அவள் நாள் தவறாமல் போய்க் கவனித்தாள். காலை எட்டரைக்கு ஆரம்பிக்கும். மாலை மூன்றரைக்குச் சாமி மலையேறியது போல நின்றுவிடும். சனிக்கிழமை அரை நாள். ஞாயிற்றுக்கிழமை கிடையவே கிடையாது.

"ஞாயித்துக்கிழமை லீவு எடுக்குதுன்னா அது மெஷின் இல்ல, மனுஷன்" என்று அன்று கணவனிடம் சொன்னாள். அவள் கணவன் பஸ் டிப்போவில் நேரம் குறிக்கும் வேலை பார்ப்பவன். "லேட்டாக்கூட வரலையே. எங்க டிப்போவுக்கு ஆள் வேணும், கேட்டுப் பாரு" என்றான்.

தம்பியிடம் சொன்னபோது அவன் யோசிக்கவேயில்லை. கண்ணாடி அறைக்குள் நாற்காலியைச் சுழற்றிக்கொண்டு, "எட்டரை டு மூணரை. ஸ்கூல் டைம்க்கா. அந்த ஸ்கூலுக்கு லைன் குடுக்கிறது யாரு? உன் பழைய ஜோடிதானே? பவரை ஏத்தி வெச்சுக் கத்திக்கிட்டு இருக்கான். நீ சேனல் மாத்தினா அவனும் பின்னாடியே வரான் பாத்தியா?" என்றான்.

"பொடிநடை அப்படிச் செய்யற ஆள் இல்லடா."

"தொழில்னு வந்தா எல்லாரும் செய்யற ஆள்தான். அவன்தான்னு எழுதி ஆதாரத்தோட ஒரு ரிப்போர்ட் குடு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

அவளுக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. ஆனால் கணக்கு பொருந்தித்தான் இருந்தது. எதற்கும் முதலில் நம் வீட்டைப் பார்ப்போம் என்று, ஒரு காலை பத்து மணிக்குக் கம்பெனியின் அந்தப் பக்கத்து ரேடியோக்களை ஒவ்வொன்றாக நிறுத்தச் சொன்னாள். டிஷ்ஷோடு ஒட்டியிருக்கும் அந்த வெள்ளைப் பெட்டியைத்தான் அவர்கள் ரேடியோ என்பது. பதினான்கு ரேடியோ பட்டியலில் இருந்தது. பதினான்கையும் நிறுத்தி, வாடிக்கையாளர்களிடம் பதினான்கு விதமாகத் திட்டு வாங்கியதுதான் மிச்சம். இரைச்சல் அசையவில்லை. நோட்டில், 'நம்முடையது அல்ல' என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டாள்.

மாடியிலிருந்து இறங்கும்போது எக்ஸ்ரே அறைப் பெண் வழியில் நிறுத்தினாள். சிவந்த கண்களோடு இருந்தாள்.

"எப்பக்கா சரியாகும்?"

"பாத்துக்கிட்டேதான்மா இருக்கேன்."

"செவ்வாய்க்கிழமை ஒருத்தர் வந்தாரு. சாரத்துலேர்ந்து விழுந்து மண்டையில அடி. படம் போக நாப்பது நிமிஷம் ஆச்சு. கோடு கோடாப் போகுது. அவரோட சம்சாரம் எம் பக்கத்துல நின்னு திரையையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அந்த வட்டம் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு."

"ஆள் இப்ப எப்படி?"

"பொழைச்சுட்டாரு. வலது கை வரல. அந்த நாப்பது நிமிஷத்தாலதானான்னா யாரும் சொல்லமாட்டாங்க. நான் கேக்கவும் இல்ல."

அன்று மதியம் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டப்பாவை மூடிவிட்டு, சின்ன டிஷ் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடி மேலே ஏறினாள். அதை அங்குலம் அங்குலமாகத் திருப்பி, எந்தத் திசையில் இரைச்சல் உச்சத்துக்குப் போகிறது என்று பார்த்தாள். மேட்டுத் தெருப் பக்கம். பள்ளிக்கூடம் இருக்கும் பக்கம். ஒரு திசையை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் ஆளைக் குற்றவாளி ஆக்கக்கூடாது என்று மனதைத் தேற்றிக்கொண்டு, அடுத்த நாள் ஆற்றோரத்து லாட்ஜ் மாடிக்குப் போனாள். அங்கே மூட்டைப்பூச்சி பிடித்ததென்று தூக்கிப்போட்ட மெத்தைகளும், ரத்தம் காய்ந்த கட்டுத்துணி ஒரு பையும். மூச்சைப் பிடித்துக்கொண்டு டிஷ்ஷைத் திருப்பினாள். இந்த முறை உச்சம் பள்ளிக்கூடப் பக்கம் வரவில்லை. நன்றாகத் தள்ளி வந்தது. ஊர் வரைபடத்தில் இரண்டு மாடியிலிருந்தும் பென்சிலால் கோடு போட்டாள். இரண்டு கோடும் பள்ளிக்கு வெகு முன்னாலேயே வெட்டிக்கொண்டன. வெட்டிய இடத்தில் இருந்தது தோல் கிடங்கு.

பொடிநடை இல்லை என்று தெரிந்ததும் முதலில் வந்தது சந்தோஷம். அது கிடங்கு வாசல் வரைக்கும்தான் தாங்கியது.

பச்சைத் தோலை உப்பு போட்டு அடுக்கிவைக்கும் இடம் அது. நாற்றம் தெருமுனையிலேயே மூக்கில் குத்தும். உள்ளே போனால் நாக்கில் ஒட்டும். தரையெல்லாம் கொழுப்பும் உப்புநீரும் கலந்த வழவழப்பு. சுவர்களில் ஈ கறுப்பாகப் படிந்து, கை வீசினால் சுவரே எழுந்து பறப்பதுபோல இருந்தது. காவல்காரர் அவளுடைய கம்பெனிச் சட்டையையும் ஏணியையும் பார்த்தார்.

"நீ வேறயாம்மா? மேல அப்படி என்ன பொதையல் இருக்கு?"

"வேற யாரு வந்தாங்க?"

"இதே சட்டை போட்ட ஒருத்தர், மூக்கைக் கைக்குட்டையால பொத்திக்கிட்டு. ரெண்டு மூணு வாட்டி வந்தாரு. அப்புறம் ஒரு ஆளு, ஏணியோட நடந்தே வந்தான். பாத்துட்டு ஒண்ணும் பேசாமப் போயிட்டான்."

அவள் ஏணியைச் சுவரில் சாத்தினாள். மேலே ஏறினாள்.

மாடியில் கழித்துப்போட்ட தோல் துண்டுகள் வெயிலில் சுருண்டு கிடந்தன. மூலையில் உடைந்த பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி ஒன்று, மூடியைக் கம்பியால் கட்டியபடி. தண்ணீர் இல்லாத தொட்டிக்கு எதற்கு மூடி, மூடிக்கு எதற்குக் கட்டு? கம்பியை முறுக்கி அவிழ்த்தாள். அடைபட்டுக் கிடந்த சூடு முகத்தில் அறைந்தது. உள்ளே தரையில் விரலளவுக்கு அழுகிய சகதி, அதில் புழு நெளிந்தது. நடுவில் ஓர் இரும்புக் குழாய். குழாயில் வெள்ளையாக ஒரு ரேடியோ, பச்சை விளக்கு எரிய, ஆஸ்பத்திரிப் பக்கத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சேர்த்துக் கத்திக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் சுவர் கண்ணுக்குத்தான் மறைப்பு. அலைக்கு அது ஒரு மறைப்பே இல்லை.

தொட்டிக்குள் தலையை விட்டு அதைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. 'எரிந்தது. கழிவு.' அவள் கையெழுத்து. போன வருடம் மின்னலில் போன பெட்டி. பட்டியலிலிருந்து அடித்ததே அவள்தான். யாரோ உள்ளிருக்கும் சர்க்யூட் பலகையை மாற்றி உயிர் கொடுத்திருந்தார்கள். அதிலிருந்து இறங்கிய கேபிளைப் பார்த்தாள். கனெக்டரின் மேல் ரப்பர் டேப், கீழிருந்து மேலாகச் சுற்றி, நுனியை மட்டும் கழற்றுபவருக்கு வசதியாக மடித்துவிட்டிருந்தது. அதுவும் அவள் கைவேலை. இரண்டு மாதத்துக்கு முன்னால் தம்பி, "அக்கா, ஆபீஸ் கேமராவுக்கு ஒரு பத்து மீட்டர் கேபிள் ரெடி பண்ணிக் குடேன், நீ பண்ணாத்தான் நிக்கும்" என்று கேட்டு வாங்கிப்போனது. குழாயில் ரேடியோவைக் கட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டைகளின் வால்கள் மட்டும் வெட்டப்படாமல் நீட்டிக்கொண்டிருந்தன. வால் வெட்டாமல் எந்தக் கட்டையும் அவள் விட்டதில்லை. ஆக, கேபிள் அவளுடையது, கட்டு அவனுடையது.

இருபது வருடத்தில் செத்த எலியைக் கையால் எடுத்திருக்கிறாள், சாக்கடையில் முழங்கால்வரை நின்றிருக்கிறாள். ஒருநாளும் வாந்தி எடுத்ததில்லை. அன்று அந்த மாடியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குடல் வெளியே வருவதுபோல எடுத்தாள். தோல் நாற்றத்தால் என்று காவல்காரர் நினைத்தார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எந்தத் தொட்டித் தண்ணீரோ, கேட்காமல் வாங்கி வாய் கொப்பளித்தாள்.

ஒயரைப் பிடுங்கிவிட்டு எக்ஸ்ரே அறைக்குப் போன் போட்டாள்.

"இப்ப ஒரு படம் அனுப்பிப் பாரும்மா."

மறுமுனையில் விசைப்பலகைச் சத்தம். "அக்கா! பட்டுன்னு போயிடுச்சு! என்னக்கா பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. ஒரு அசிங்கத்தை எடுத்தேன்."

ரேடியோவைத் துடைக்கவில்லை. அப்படியே கையில் பிடித்துக்கொண்டு தெரு வழியே நடந்து வந்தாள். அலுவலகத்துக்குள் நுழைந்தபோது ஆள் ஆளாக மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். கண்ணாடி அறையில் வாசனை தெளிப்பான் ஒன்று நிமிஷத்துக்கு ஒருமுறை புஸ்ஸென்று ரோஜா மணம் விட்டுக்கொண்டிருந்தது. மேஜைமேல் பெட்டியை வைத்தாள். ஒரு புழு கண்ணாடிப் பலகையில் விழுந்து நெளிந்தது.

"சீ! என்னக்கா இது, டேபிள் மேல! நாத்தம் குடலைப் பிடுங்குது!" தம்பி நாற்காலியோடு பின்னால் போனான்.

"உன்னோட பொருள்தான். தொட்டிக்குள்ள மறந்து விட்டுட்டு வந்துட்டே."

அவன் ஒரு கணம் பெட்டியைப் பார்த்தான். பிறகு எழுந்து கதவைச் சாத்தினான். முகத்தில் பயம் இல்லை. கடையில் சில்லறை தப்பாகக் கொடுத்து மாட்டிக்கொண்டவனின் சங்கடம் மட்டும்தான்.

"அக்கா, நீ நெனைக்கிற மாதிரி இல்ல. அது சும்மா டெஸ்ட். லைசென்ஸ் வேண்டாத அலைவரிசை, யார் வேணா பேசலாம்."

"பேசறது வேற. அடுத்தவன் பேசும்போதெல்லாம் அவன் வாய்கிட்டப் போய் ஊளை விடறது வேற. மணி பாத்து, ஸ்கூல் தொறக்கும்போது தொறந்து, மூடும்போது மூடறதுக்குப் பேர் டெஸ்டா?"

"அந்த ஸ்கூல் நமக்கு வந்தா மேட்டுத் தெரு முழுக்க வரும். அவனால தாங்க முடியாது, எப்படியும் ஒருநாள் மூடப்போறவன். கொஞ்சம் சீக்கிரமா மூட வெச்சேன். தொழில்ல இதெல்லாம் சகஜம்க்கா."

"ஆஸ்பத்திரி?"

"சத்தியமா ஆஸ்பத்திரி மாட்டும்னு தெரியாது. அவன் இரைச்சல் தாங்காம ஒவ்வொரு சேனலா ஓடினான், இது அவனைத் துரத்திக்கிட்டுப் போச்சு. நடுவுல நம்ம சேனல் வந்துடுச்சு. வேணும்னு செஞ்சதில்ல."

"முதல் நாள் தெரியாது. சரி. மூணு வாரமா தினம் வந்து உங்கிட்டச் சொன்னேனே. இந்த நாற்காலியில உக்காந்துதானே கேட்டே? படம் போகலைன்னேன். எட்டரைன்னேன், மூணரைன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, பொடிநடைன்னு எழுதுன்னியே."

தம்பி குனிந்து பேப்பர் வெயிட்டை உருட்டினான். "ஸ்கூல் கையெழுத்துப் போடறது இந்த வெள்ளிக்கிழமை. அதுக்கப்புறம் எடுத்துடலாம்னுதான் இருந்தேன். இன்னும் நாலு நாள்தானேக்கா."

நாலு நாள். அவள் அந்த வட்டம் சுற்றும் திரையையும் பக்கத்தில் நின்ற பெண்ணையும் நினைத்தாள். சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் அவன் ஏதாவது பதில் வைத்திருப்பான் என்று தோன்றியது. அந்தப் பதிலைக் கேட்க அவளுக்குத் தெம்பில்லை.

"சரி, நடந்தது நடந்துபோச்சு" என்றான் அவன், குரலைத் தாழ்த்தி. "ரிப்போர்ட்ல 'வெளி இரைச்சல், சரிசெய்யப்பட்டது'ன்னு ஒரு வரி போட்டு முடிச்சுடு. உன் ரிப்போர்ட்டுன்னா யாரும் ரெண்டாவது கேள்வி கேக்கமாட்டாங்க."

அவள் பெட்டியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பள்ளிக்கூடத்தில் சாமான் அறைக்குள் பொடிநடை கேபிள் சுருட்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. பெட்டியைப் பார்த்தான்.

"எடுத்துட்டியா?" என்றான்.

"உனக்கு முன்னாலேயே தெரியுமா?"

"ரெண்டு வாரமாத் தெரியும். ஏறிப் பாத்தேன்."

"அப்புறம் ஏன் பிடுங்கிப் போடல? எங்கிட்ட ஏன் சொல்லல?"

"பிடுங்கினா இன்னொண்ணு வைப்பீங்க." அவன் கேபிளைச் சுருட்டுவதை நிறுத்தவில்லை. "உங்கிட்ட என்னன்னு சொல்றது? டேப்பைப் பாத்தேன். கீழேர்ந்து மேல சுத்தி, நுனியை மடிச்சு. ஒரே குழியில பதினோரு வருஷம் உக்காந்து பாத்த கை. ஊர்ல வேற எவன் அப்படிச் சுத்தறான்?"

'வைப்பீங்க' என்ற அந்தச் சொல்லில் அவளும் சேர்ந்திருந்தாள்.

"நான்தான்னு நம்பிட்டியா?"

"நீயா இருக்காதுன்னு மனசு சொல்லிச்சுன்னு சொன்னா உனக்கு நல்லா இருக்கும். ஆனா பொய். நீதான்னே நெனச்சேன். அன்னிக்கு ராத்திரி சாப்பிடல."

கட்டின் வாலைப் பார்த்தாயா, வெட்டாமல் விட்டிருந்ததே, அதிலிருந்து தெரியவில்லையா என்று கேட்க வாயெடுத்தாள். "அந்தக் கட்டோட வால்…" என்று தொடங்கியும் விட்டாள். ஒரு பிளாஸ்டிக் வாலைக் காட்டித் தன் யோக்கியதையை நிரூபிக்க நிற்கிறோமே என்று அவளுக்கே அருவருப்பாகப் போயிற்று. மேலே பேசாமல், "நான் செய்யல. தம்பி செஞ்சான். கேபிள் நான் பண்ணிக் குடுத்தது, எதுக்குன்னு தெரியாம" என்று மட்டும் சொன்னாள்.

பொடிநடை தலையை ஆட்டினான். நம்பி ஆட்டினானா, போகட்டும் என்று ஆட்டினானா தெரியவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் மூன்று முறை குளித்தாள். சோப்பு தேய்த்த கையை முகர்ந்து முகர்ந்து பார்த்தாள். பிறகு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதினாள். எப்போதும்போலத் தேதி, இடம், புகார், செய்த சோதனைகள். இரைச்சலின் மூலம் என்ற இடத்தில், 'எங்கள் நிறுவனத்தின் ரேடியோ. பட்டியலில் இல்லாதது. தோல் கிடங்கு மாடியில் தொட்டிக்குள் மறைத்து வைக்கப்பட்டது. கேபிள் தயாரித்தது நான். நம்முடையது அல்ல என்று முன்பு நான் குறித்தது தவறு' என்று எழுதினாள்.

கணவன் தோளுக்குப் பின்னால் நின்று படித்தான்.

"யாருக்கெல்லாம் அனுப்பப் போறே?"

"ஆஸ்பத்திரிக்கு, ஸ்கூலுக்கு, அலைவரிசையைக் கண்காணிக்கிற கவர்மென்ட் ஆபீஸுக்கு."

"கூடப் பொறந்தவன். இதுக்கப்புறம் ஒட்டாது, யோசிச்சுக்கோ. அனுப்பாதேன்னு சொல்லல. யோசிச்சுட்டு அனுப்பு."

"யோசிச்சா அனுப்பமாட்டேன்" என்று சொல்லி, அனுப்பினாள்.

ஆஸ்பத்திரி ஒரே வாரத்தில் கம்பெனியை விலக்கியது. பள்ளிக்கூடம் வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடவில்லை. அலைவரிசை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து பெட்டிகளைச் சோதித்து, அவளிடமிருந்த தோல் கிடங்குப் பெட்டியைச் சாக்குப்பையில் போட்டு எடுத்துப்போனார்கள். அபராதம், எச்சரிக்கை, மூன்று மாதத் தடை. தம்பி மனைவி போனில் அழைத்து, "நாய் வித்த காசு குரைக்குமா அண்ணி? நீங்களும் அந்தச் சம்பளத்துலதானே இவ்வளவு நாள் சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள். அது அவளைச் சரியான இடத்தில் குத்தியது. ஏனென்றால் அதே கேள்வியை அவளும் தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை வருடத்தில் எத்தனை போட்டிக்காரர்கள் இணைப்புச் சரியில்லை என்று மூடிக்கொண்டு போனார்கள், அதில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு தொட்டி இருந்தது என்று எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் வாயில் அந்த மாடியின் கசப்பு ஏறியது.

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பராமரிப்புப் பிரிவில் வேலை கொடுத்தார்கள். எக்ஸ்ரே அறைப் பெண் போய்ச் சொன்னதாகக் கேள்வி. இணைப்பை வேறொரு பெரிய கம்பெனி எடுத்துக்கொண்டது. பொடிநடைக்குப் பள்ளிக்கூடம் தங்கியது. வழியில் பார்த்தால் நின்று இரண்டு வார்த்தை பேசுவான், பழைய குழியைப் பற்றி மட்டும் பேசமாட்டான்.

தடை முடிகிற சமயத்தில் தம்பி வீட்டுக்கு வந்தான். பழைய தம்பிபோலவே சிரித்துக்கொண்டு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தான். மனைவி பெயரில் புதுக் கம்பெனி பதிவு செய்கிறானாம்; பழைய விவகாரம் தொழில்நுட்பத் தவறு, திட்டமிட்டதல்ல என்று அக்கா ஒரு கடிதம் கொடுத்தால் சுலபமாகுமாம். கடிதத்தை அவனே தட்டச்சு செய்துகொண்டு வந்திருந்தான். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"நீயும் வந்துடுக்கா. நீ இல்லாம எனக்கு யார் இருக்கா?"

அதைச் சொன்னபோது அவன் கண் கலங்கியிருந்தது. பொய்க் கலக்கம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் எல்லாவற்றையும்விட அதிகமாகக் குமட்டியது. நிஜமாகவே அக்கா வேண்டும், நிஜமாகவே அந்தக் கையெழுத்தும் வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்க அவனுக்குக் கூச்சமே இல்லை.

"அந்த சாரத்துலேர்ந்து விழுந்த ஆளு, கை வராம மாசாமாசம் ஆஸ்பத்திரிக்கு வராரு. நான் பாக்கறேன். வந்து அவரு முன்னாடி நின்னு இதைப் படி. அப்புறம் கையெழுத்துப் போடறேன்" என்றாள்.

அவன் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தான். "நீ ரொம்ப மாறிட்டேக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கேட் சத்தம் அடங்கியதும் அவள் வாளியில் தண்ணீரும் சோப்பும் கொண்டுவந்தாள். அவன் உட்கார்ந்த நாற்காலியைத் தேய்க்க ஆரம்பித்தாள். கை வைக்கும் கட்டை, முதுகுப் பலகை, கால். கணவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாற்காலி என்ன பாவம் பண்ணிச்சு?"

அவள் நிறுத்தினாள். நுரை வழிந்து தரையில் ஓடியது. சின்ன வயதில் அவனைக் குளிப்பாட்டியதும் இதே கைதான் என்று எங்கிருந்தோ ஒரு நினைப்பு வந்தது. அதைத் துரத்தவும் முடியவில்லை, அருகில் வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

"தெரியல" என்றாள். "தேய்ச்சாத்தான் உக்கார முடியும்போல இருக்கு."

கணவன் இன்னொரு துணியை எடுத்துவந்து ஈரத்தைத் துடைத்தான்.